படத்தைப் பார்த்துத் தைத்த சட்டை: ஹட்டன் தையல் கடை ஒன்றின் வேலையைப் பற்றி

இலங்கை மலையகத்தின் ஹட்டன் நகரில், பஸ் நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடையில், ஒரு புடவைக் கடையின் மாடிப்படிக்குக் கீழே, பெயர்ப்பலகை இல்லாத தையல் கடை ஒன்று இருக்கிறது. மிதித்து ஓட்டும் தையல் இயந்திரம் ஒன்று, மோட்டார் பூட்டியது ஒன்று, ஓவர்லாக் இயந்திரம் ஒன்று, சிரட்டைக் கரி போடும் இஸ்திரிப் பெட்டி ஒன்று. கடையின் சொத்து இவ்வளவுதான். பாடசாலைச் சீருடை, சாரி பிளவுஸ், முதல் நன்மை வாங்கும் பிள்ளைகளின் வெள்ளைச் சட்டை, சடங்குக்கான பாவாடை தாவணி என்று தைத்துக் கொடுத்து நாற்பது ஆண்டுகளாகப் பிழைப்பு நடத்தும் மாஸ்டரிடம், கடந்த ஆண்டு ஐப்பசி தொடக்கத்தில் நானும் என் அக்கா மகளும் ஒரு ஜப்பானியச் சட்டையைத் தைக்கக் கொடுத்தோம். அந்த வேலை எப்படி நடந்தது, எங்கே பிசகியது, எப்படித் திருந்தியது, கொடுத்த காசுக்கு என்ன கிடைத்தது என்பவற்றை ஆறு மாதம் உடுத்திப் பார்த்த பிறகு எழுதுகிறேன். கடையின் அடையாளத்தை இதற்கு மேல் சொல்லவில்லை. மாஸ்டர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

சட்டைக்குக் காரணம் ஒரு படம். 2004ஆம் ஆண்டில் ஜப்பானில் வெளியான அந்தப் படத்தின் பெயர் 'ஷிமோட்சுமா மொனொகதாரி', அதாவது ஷிமோட்சுமாவின் கதை. வெளிநாடுகளில் 'கமிகாசே கேர்ள்ஸ்' என்ற பெயரில் ஓடியது. நொவாலா தகெமோட்டோ 2002இல் எழுதிய நாவலை இயக்குநர் தெட்சுயா நகாஷிமா படமாக்கினார். டோக்கியோவுக்கு வடக்கே இபராக்கி மாகாணத்தில் உள்ள ஷிமோட்சுமா என்னும் சிற்றூரில் பாட்டியுடனும் தகப்பனுடனும் வாழும் மொமோக்கோ என்ற 17 வயதுப் பெண், தலையில் லேஸ் கட்டி, கையில் பிரில் வைத்த குடை பிடித்து, மணி போல விரிந்த பாவாடையுடன் வயல் வரப்புகளுக்கு நடுவே நடந்து போகிறாள். ஊரில் உள்ள மற்ற எல்லோரும் பெரிய சுப்பர்மார்க்கெட் ஒன்றில் மலிவாகத் துணி எடுத்துப் போட்டுக்கொண்டு, அந்தக் கடையின் பெருமையையும் அவளிடமே சொல்லிக்கொண்டிருக்க, அவள் மட்டும் ரயில் மாறி மாறி டோக்கியோவின் டைக்கன்யாமா பகுதிக்குப் போய், தனக்குப் பிடித்த ஒரே கடையில் சட்டை வாங்கி வருகிறாள். கியோக்கோ ஃபுகாடா மொமோக்கோவாகவும், மோட்டார் சைக்கிள் கும்பலைச் சேர்ந்த இச்சிகோ என்ற முரட்டுப் பெண்ணாக அன்னா ட்சுசியாவும் நடித்திருக்கிறார்கள். இந்த இரண்டு பெண்களுக்கும் ஏற்படும் சிநேகிதம்தான் கதை.

அக்கா மகளுக்கு 20 வயது. உயர்தரம் முடித்துவிட்டு, தோட்டத்துப் பிள்ளைகளுக்கு டியூஷன் சொல்லிக் கொடுக்கிறாள். படத்தை மூன்றாம் தடவை பார்த்து முடித்த இரவில், "சித்தி, அவ நடக்கிற ரோடு நம்ம தோட்டத்து ரோடு மாதிரியே இல்ல?" என்று கேட்டாள். தேயிலைக்குப் பதிலாக நெல் இருக்கிறதே தவிர, மற்றபடி அவள் சொன்னது சரி. படத்தின் தொடக்கத்தில் மொமோக்கோ ஒரு காய்கறி லொறியில் மோதி ஆகாயத்தில் பறக்கிறாள். கோவாவும் லீக்ஸும் ஏற்றிக்கொண்டு நுவரெலியாவிலிருந்து இறங்கும் லொறிகளுக்கு ஒதுங்கி நின்றே வளர்ந்த எங்களுக்கு அந்தக் காட்சி வேறு யாருக்கும் விளங்காத விதத்தில் விளங்கியது.

மொமோக்கோ உடுத்தும் பாணிக்கு லோலிட்டா என்று பெயர். அந்தப் பெயரைக் கேட்டதும், சிறுமி மீது நடுவயதுக்காரன் கொள்ளும் ஆசையைச் சொல்லும் அதே பெயருள்ள நாவலை நினைத்து முகம் சுளிப்பவர்கள் உண்டு. என் அக்காவும் சுளித்தார். ஆனால் முழங்காலை மூடும் பாவாடை, அதற்குள் நெட் வைத்த உள்பாவாடை, அதற்கும் உள்ளே கால்சட்டை, கழுத்து வரை பொத்தான் பூட்டிய பிளவுஸ், நீண்ட காலுறை என்று உடம்பை இவ்வளவு மூடும் உடுப்பு எங்கள் கோவில் திருவிழாவில்கூட இல்லை. 18ஆம் நூற்றாண்டுப் பிரான்ஸின் ரொக்கோகோ அலங்காரத்தையும் ஐரோப்பியச் சிறுமிகளின் பழைய சட்டைகளையும் ஜப்பானிய இளம்பெண்கள் தங்கள் கற்பனையில் குழைத்து உண்டாக்கிய பாணி அது. பிறர் பார்த்து ரசிப்பதற்காக உடுத்துவதில்லை என்பதுதான் உடுத்துபவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது.

படம் இந்தப் பாணியைப் பெற்றெடுக்கவில்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். மொமோக்கோ தேடிப் போகும் 'பேபி, த ஸ்டார்ஸ் ஷைன் பிரைட்' என்ற கடை கதைக்காகக் கட்டியது அல்ல. 1988இல் தொடங்கிய உண்மையான நிறுவனம். 1990களில் டோக்கியோவின் ஹராஜுக்கு பகுதியில், ரயில் நிலையத்தை ஒட்டிய ஜிங்கு பாலத்தில், ஞாயிற்றுக்கிழமைகளில் இப்படி உடுத்திய பெண்கள் கூடினார்கள். புகைப்படக்காரர் ஷோய்ச்சி அவோக்கி 1997இல் தொடங்கிய 'ஃப்ரூட்ஸ்' சஞ்சிகை ஹராஜுக்குவின் தெரு உடைகளைப் பக்கம் பக்கமாகப் படம்பிடித்தது. இசைக் கலைஞர் மனா 1999இல் கறுப்பு நிற கோத்திக் வகைக்கென்றே ஓர் உடை நிறுவனத்தை ஆரம்பித்தார். 2001இல் 'கோத்திக் அண்ட் லோலிட்டா பைபிள்' என்ற சஞ்சிகை வந்தது. ஆக, படம் வருவதற்கு முன்பே கடையும் இருந்தது, பத்திரிகையும் இருந்தது, கூடிப் பேசப் பாலமும் இருந்தது.

பிறகு படம் செய்ததுதான் என்ன? என் கணிப்பில், பாலத்தில் நின்றவளைத் தனியாக ஊருக்கு அனுப்பி வைத்தது. ஹராஜுக்குவில் நூறு பேரில் ஒருத்தியாக நிற்பது வேறு. வயல்களுக்கு நடுவே உள்ள ஊரில், பக்கத்து வீட்டுக் கிழவன் வாய் பிளந்து பார்க்க, அதே சட்டையோடு நடப்பது வேறு. அதுவரை தலைநகரத்துப் பெண்களின் வாரக்கடைசி விளையாட்டாகத் தெரிந்த ஒன்றை, சிற்றூர்ப் பெண் ஒருத்தி தன் சொந்தக் குணமாக எடுத்துக்கொள்ளலாம் என்று படம் காட்டியது. அதிலும் மொமோக்கோ நல்ல பிள்ளை அல்ல. சுயநலக்காரி, பொய் சொல்லிக் காசு வாங்குகிறாள், சிநேகிதம் வேண்டாம் என்கிறாள், இனிப்பும் லேஸும் போதும், கடமை எதற்கு என்று வெளிப்படையாகவே கேட்கிறாள். அழகாக உடுத்துகிற பெண் அடக்கமானவளாகவும் இருக்க வேண்டும் என்று எழுதப்படாத சட்டம் உள்ள ஊர்களில், ஜப்பானிலும் சரி இங்கேயும் சரி, இந்தக் குணம்தான் சட்டையைவிட வேகமாகப் பரவியிருக்க வேண்டும்.

மாஸ்டருக்கு இதை விளக்கப் புறப்பட்டபோது அவரே ஓர் உதாரணம் சொன்னார். "நதியா படம் வந்த நேரம், டீச்சர், நதியா கம்மல், நதியா வளையல்னு பொண்ணுங்க கேட்டு வாங்கினாங்க. அது மாதிரிதானே?" பாதி சரி. சினிமா தெருவில் நடப்பவரின் உடையை மாற்றுவது எங்களுக்கும் புதிதல்ல, ஜப்பானுக்கும் புதிதல்ல. கடற்கரையில் பொழுதுபோக்கும் பணக்கார இளைஞர்களைப் பற்றி 1956இல் அங்கே அடுத்தடுத்து வந்த படங்களைப் பார்த்துவிட்டு, பூப்போட்ட ஹவாய் சட்டையும் ஒட்ட வெட்டிய தலைமுடியுமாகப் பையன்கள் தெருவில் இறங்கினார்கள்; அவர்களுக்குத் 'தாயோசொகு', அதாவது சூரியக் கூட்டம், என்று பெயரே வந்துவிட்டது; பெற்றோர்கள் போட்ட கூச்சலில் திரைப்படத் தணிக்கை அமைப்பையே அந்த ஆண்டில் மாற்றியமைக்க வேண்டியதாயிற்று. ஆனால் நதியா வளையல் ஒரு சில தீபாவளிகளோடு போய்விட்டது. மொமோக்கோவின் சட்டை இருபது ஆண்டு கழித்தும், படம் வெளியான காலத்தில் பிறக்காத ஒரு பெண்ணை, ஹட்டனில் ஒரு மாடிப்படிக்குக் கீழே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது. நடிகையின் கம்மலை மட்டும் வாங்க முடியும். இந்தப் படத்தில் கதாபாத்திரம் நடந்து போய் நுழையும் கடையின் பெயரையே சொல்லி, அதன் சட்டைகளையே உடுத்தி, அது எந்தப் பகுதியில் இருக்கிறது என்பதையும் காட்டி விட்டார்கள். பார்த்தவள் அடுத்த வாரமே அந்தக் கதவைத் தள்ளலாம். அந்த நிறுவனம் 2006இல் பாரிஸிலும் 2009இல் சான் பிரான்சிஸ்கோவிலும் கடை திறந்ததற்குப் படம் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஊர்களில் பெயரைக் கேட்டதும் அடையாளம் கண்டுகொள்ளும் பெண்கள் முன்கூட்டியே இருந்ததற்குப் படம் பெரிய காரணம். 2009இல் ஜப்பானிய வெளிவிவகார அமைச்சே லோலிட்டா உடுத்திய ஒரு பெண்ணைப் பண்பாட்டுத் தூதுவர்களில் ஒருவராக நியமித்தது. படத்தில் ஊரார் சிரித்த சட்டைக்கு ஐந்து வருடத்தில் கிடைத்த பதவி அது.

இனித் தையலுக்கு வருவோம். மாஸ்டர் படத்தை இரண்டு மாலைகளில், கடையிலேயே, அக்கா மகளின் தொலைபேசியில் பார்த்தார். வசனம் அவருக்குத் தேவைப்படவில்லை. மொமோக்கோ நடக்கும் இடங்களில் நிறுத்தச் சொல்லி, பின்னால் தள்ளி, மீண்டும் ஓட்டச் சொன்னார். "பாவாடை ஆடல பாருங்க. மணி மாதிரி மொத்தமா அசையுது. உள்ளுக்குக் கேன்கேன் இருக்கு" என்றார். கல்யாணக் கவுன்களுக்கு உள்ளே வைத்துத் தைக்கும் விறைப்பான நெட்டைத்தான் கேன்கேன் என்கிறார்கள். பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இது துரைசாணி சட்டை, டீச்சர்" என்றார். அவருடைய தகப்பனாரும் தையற்காரர்; தோட்டங்கள் வெள்ளைக்காரக் கம்பனிகளிடம் இருந்த காலத்தில் பங்களாக்களுக்குப் போய்த் துரைசாணிகளுக்கும் அவர்களுடைய பிள்ளைகளுக்கும் தைத்துக் கொடுத்தவர். "அப்பா அளவு நாடாவ எடுக்கவே மாட்டாரு. துரைசாணியம்மா பழைய சட்டை ஒன்னக் குடுப்பாங்க. அதப் பிரிச்சுப் பாத்து, அதே மாதிரி வெட்டணும்." அந்த வார்த்தையை அப்போதே காதில் வாங்கியிருந்தால் எங்களுக்கு ஒரு மாதம் மிச்சமாகியிருக்கும்.

ஏனென்றால் முதல் சட்டை பாழ். இதை மறைப்பதில் பயனில்லை. படத்தில் பாவாடை விரிந்து நிற்பதைப் பார்த்த மாஸ்டர், விரிவுக்குத் தனக்குத் தெரிந்த வழியான குடை வெட்டில் வெட்டிவிட்டார். குடை வெட்டுப் பாவாடை சுற்றினால் விரியும். நின்றால் தொய்ந்து விழும். நெட்டை அதற்குள்ளேயே சேர்த்துத் தைத்ததால் கீழ் ஓரம் மட்டும் முட்டிக்கொண்டு நின்றது. ஹட்டனில் வாங்கிய நைலோன் லேஸ் பளபளத்தது, கழுத்தில் குத்தியது. பிரில்லை மேலே வைத்து அடித்திருந்ததால் தையல் கோடு வெளியே தெரிந்தது. தூரத்தில் நின்று பார்த்தால் படத்துச் சட்டை. கிட்டப் போனால் பாடசாலை மேடை நாடகத்துத் தேவதை. அக்கா மகள் கண்ணாடிக்கு முன்னால் ஒரு நிமிடம் நின்றாள். ஒன்றும் சொல்லாமல் கழற்றி மடித்து மேசையில் வைத்துவிட்டாள். மாஸ்டரும் ஒன்றும் சொல்லவில்லை.

இந்தப் பிழையை நான் மாஸ்டரின் கணக்கில் மட்டும் எழுத மாட்டேன். படத்தைப் பார்த்துச் சட்டை தைப்பதில் உள்ள குறையே இதுதான். கமெரா சட்டையின் வெளிப்புறத்தை மட்டும் பார்க்கிறது. அதுவும் நகாஷிமாவின் கமெரா. விளம்பரப் படங்களில் பழகிய கை என்பது ஒவ்வொரு சட்டகத்திலும் தெரிகிறது, வானம் நிஜ வானத்தைவிட நீலம், வயல் நிஜ வயலைவிடப் பச்சை. அந்த வெளிச்சத்தில் வெள்ளை லேஸ் எல்லாம் ஒரே லேஸாகத்தான் தெரியும், பருத்தியா நைலோனா என்று பிரித்தறிய முடியாது. ஜப்பானியப் பெண்களுக்குப் படத்தோடு வேறு உதவியும் இருந்தது. நான் மேலே சொன்ன 2001ஆம் ஆண்டுச் சஞ்சிகை, அழகான படங்களோடு நிற்காமல், வாசகிகள் வீட்டில் வெட்டித் தைப்பதற்கான வடிவங்களையும் சேர்த்தே வெளியிட்டது. ஆசையைப் படத்தில் வாங்கி, அளவைப் பத்திரிகையில் வாங்கி, சந்தேகத்தைக் கடையில் போய்த் தொட்டுப் பார்த்துத் தீர்த்துக்கொள்ள அவர்களால் முடிந்தது. எங்களிடம் இருந்தது ஆசை மட்டும்தான்.

திருப்பம் கொழும்பிலிருந்து வந்தது. அக்கா மகளின் சிநேகிதி ஒருத்தி, ஜப்பானில் யாரோ உடுத்திப் பழையதாக விற்ற லோலிட்டாச் சட்டை ஒன்றை வாங்கி வைத்திருந்தாள். அதை ஒரு வாரத்துக்கு இரவல் கொடுத்தாள். மாஸ்டர் அதை வாங்கியவுடன் செய்த முதல் காரியம், உள்ளே வெளியே புரட்டி, மேசை விளக்கைக் கீழே இழுத்து, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியதுதான். அரை மணி நேரம் கடையில் யாரும் பேசவில்லை. தைக்க வந்த ஓர் அம்மா பிளவுஸ் துணியோடு நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

உள்ளே இருந்தவை இவை. பாவாடை குடை வெட்டு அல்ல. நேர்த் துணியை அகல அகலமாக இணைத்து, இடுப்பில் நெருக்கிச் சுருக்கியிருந்தார்கள். முதுகுப் பக்கத்தில் ஒரு சாண் அகலத்துக்கு ஒன்பது வரிசை எலாஸ்டிக் தையல். உடம்பு கொஞ்சம் பெருத்தாலும் சிறுத்தாலும் சட்டை பிடித்து நிற்பது அதனால்தான். லேஸ் முழுவதும் பருத்தி. அதன் ஓரம் இரண்டு துணிக்கு நடுவே தையலுக்குள் புகுந்து மறைந்திருந்தது. நெட் சட்டையோடு சேர்த்துத் தைக்கப்படவே இல்லை. அது தனி உள்பாவாடை. பக்கத் தையலிலிருந்து இரண்டு பட்டிகள் புறப்பட்டு முதுகில் முடிச்சாகின்றன. உள்துணி கீழ் ஓரம் வரை முழுதாக இறங்கியிருந்தது. "படத்துல காட்டாதது எல்லாம் இதுக்குள்ளதான் இருக்கு, டீச்சர்" என்று சொல்லிவிட்டு, தகப்பனார் பழக்கத்துக்குப் போய்விட்டார்: பழுப்புக் காகிதம், பென்சில், ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் அளவு. பிரிக்க மட்டும் அக்கா மகள் விடவில்லை. இரவல் சட்டை அல்லவா.

இரண்டாவது சட்டை நன்றாக அமைந்தது. சில இடங்களில் மிக நன்றாக. வெளிர் நீலப் பருத்தி பொப்ளின் துணியையும் பருத்தி லேஸையும் கொழும்பு புறக்கோட்டையில் நாங்களே போய் எடுத்து வந்தோம். இடுப்பு 27 அங்குலம். பாவாடைக்கு 110 அங்குலத் துணி, அதாவது நான்கு மடங்கு, சுருக்கி இறக்கியிருக்கிறார். எலாஸ்டிக் நூலைப் பாபினில் கையாலேயே தளர்வாகச் சுற்றி, மோட்டார் இயந்திரம் இழுத்துவிடும் என்று மிதி இயந்திரத்தில் மெதுவாக ஓட்டினார்; ஒன்பது வரிசையும் ஒரே இடைவெளி. மார்புப் பகுதியில் நான்கு மெல்லிய மடிப்புகளைக் கேட்காமலேயே வைத்துக் கொடுத்தார்; முதல் நன்மைச் சட்டைகளில் நாற்பது ஆண்டாக வைத்த மடிப்புகள் அவை, இந்தச் சட்டையில் பிறந்த வீட்டுக்கு வந்தவை போலப் பொருந்துகின்றன. மோதிர விரல் நகம் அளவுள்ள பொத்தான்களுக்கு நூலால் காது கட்டியது அவருடைய மனைவி.

குறையும் உண்டு. கேன்கேன் நெட் கல்யாணக் கவுனுக்குச் சரி, நாள் முழுக்க நடக்கிறவளுக்குக் கரடு, காலுறையைப் பிராண்டுகிறது. அடியில் ஒரு பருத்தித் துணி கொடுத்துச் சமாளித்திருக்கிறார். இரண்டு மாதத்தில் நெட்டின் விறைப்பும் பாதியாகிவிட்டது. தலைகீழாகத் தொங்கவிட்டு வைத்தால் கொஞ்சம் மீள்கிறது. தலையில் கட்டும் லேஸ் பட்டி இன்னும் சரிவரவில்லை, அது வழுக்கிக் காதுக்கு வருகிறது.

செலவைச் சொல்கிறேன். பொப்ளின் நாலரை மீற்றர் 4,275 ரூபா. லேஸ் 14 மீற்றர் 2,100. நெட் 6 மீற்றர் 2,280. உள்துணி 3 மீற்றர் 1,350. எலாஸ்டிக், நூல், பொத்தான் 600. தையல் கூலி 7,500. எல்லாமாக 18,105 ரூபா. கெட்டுப் போன முதல் துணிக்காகக் கூலியில் ஆயிரம் ரூபாவை மாஸ்டரே குறைத்துக்கொண்ட பிறகு வந்த கணக்கு இது. அந்தத் துணியிலிருந்து கீழ்ப் பிரில்லுக்குத் தேறியதை அவர் வீணாக்கவும் இல்லை. ஜப்பானியக் கடைகளில் புதிய சட்டை ஒன்று ஏறக்குறைய 30,000 யென் விலைக்குப் போகிறது. தபால் செலவையும் சுங்கத்தையும் சேர்த்தால் எங்கள் கைக்கு எட்டாத தொகை. 18,105 ரூபாவும் சின்னத் தொகை அல்ல. டியூஷன் காசைப் பத்து மாதம் சேர்த்தாள் பிள்ளை.

நாட்கணக்கில்தான் எனக்குப் பெரிய மனக்குறை. இரண்டு வாரத்தில் தருவதாகச் சொன்ன வேலை தைப்பொங்கலுக்கு முதல் நாள்தான் கைக்கு வந்தது. ஐப்பசியில் தோட்டத்தில் தீபாவளி முற்பணம் கொடுத்தவுடன் கடை துணி மூட்டைகளால் நிறைந்துவிடும் என்பதையும், அதற்குப் பிறகு சீருடைக் காலம் வந்துவிடும் என்பதையும் அவர் முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். நாங்கள் போன ஒவ்வொரு முறையும் "அடுத்த செவ்வாய்க்கிழம வாங்க" என்றார். ஏழு செவ்வாய்க்கிழமைகளை எண்ணினேன்.

உடுத்திப் பார்த்த அனுபவம். பொங்கல் அன்று அக்கா மகள் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் இறங்கியபோது, என் அம்மா, அதாவது அவளுடைய அம்மாயி, அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "செத்துப்போன துரைசாணி எந்திரிச்சு வந்துட்டாளா?" என்றார். லயத்துப் பிள்ளைகள் பின்னாலேயே நடந்தார்கள். சித்திரையில் வசந்த காலக் கொண்டாட்டத்துக்காக நுவரெலியாவுக்குப் போன பஸ்ஸில், "தங்கச்சி, ரெண்டு டிக்கட் எடுக்கணும்" என்று கண்டக்டர் சிரித்தார். பாவாடை உண்மையாகவே இரண்டு இருக்கையை அடைத்திருந்தது. விக்டோரியா பூங்காவில் பத்துப் பேராவது போட்டோ கேட்டார்கள். அவள் இருவருக்கு மட்டும் சம்மதித்தாள். மொமோக்கோவும் அப்படித்தான் செய்திருப்பாள் என்பது அவள் வாதம். படத்தின் பாதிப்பு எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்டால், லேஸையும் பிரில்லையும்விட அந்த "முடியாது" என்ற பதிலைக் காட்டுவேன். ஆறு மாதத்துக்கு முன் அவள் யாருக்கும் முடியாது என்று சொல்லி நான் கேட்டதில்லை.

படத்தால் ஒரு தீமையும் நடந்திருக்கிறது என்று நினைக்கிறேன். லோலிட்டா என்றால் வெள்ளை, இளஞ்சிவப்பு, தலைக் குல்லாய், குடை என்ற ஒரே உருவம் வெளிநாட்டார் மனதில் பதிந்துவிட்டது. கறுப்புத் துணியில் வெள்ளை லேஸ் வைத்த கோத்திக் வகையும், பழுப்பும் கருஞ்சிவப்புமாக அடக்கமான நிறங்களில் தைக்கும் கிளாசிக் வகையும் அதே அளவு பழையவை, அதே அளவு உழைப்பு கேட்பவை; ஆனால் அவற்றுக்கென்று ஒரு மொமோக்கோ இல்லை. மூடுபனியும் தார் நிற மண்ணும் உள்ள எங்கள் ஊருக்கு அந்தக் கறுப்போ கருஞ்சிவப்போதான் பொருத்தம் என்று மாஸ்டர் முதல் நாளே சொன்னார். அக்கா மகள் கேட்கவில்லை. வைகாசி மழை தொடங்கியதும் வெளிர் நீலத்தின் கீழ் ஓரம் என்ன நிறமானது என்பதை எழுத வேண்டியதில்லை. ஈரம் காயாத வாரங்களில் நெட் உள்பாவாடையில் பூஞ்சண வாசனை வந்தது. அடுப்புக்கு மேலே கொடி கட்டி உலர்த்தினோம். ஒரு நாள் பிரில்லின் மடிப்புக்குள்ளிருந்து கொழுத்த அட்டை ஒன்றை உப்புப் போட்டு எடுத்தேன்.

ஆனால் துவைத்தால் போகிறது, அதைச் சொல்ல வேண்டும். படத்தின் கடைசிச் சண்டை, 120 மீற்றர் உயரமான உஷிக்கு புத்தர் சிலை நிற்கும் இடத்தில் நடக்கிறது. அங்கே மொமோக்கோ சேறும் இரத்தமும் அப்பிய அதே சட்டையோடு நின்று கத்துகிறாள். அலமாரியில் தொங்கவிட்ட சட்டை அல்ல அது என்பதை அந்த ஒரு காட்சி சொல்லிவிடுகிறது. எங்கள் சட்டையும் நாலு முறை சவர்க்காரத் தண்ணீரில் ஊறி, கல்லில் தட்டாமல் கையால் கசக்கப்பட்டு, சிரட்டைக் கரி இஸ்திரிக்கு அடியில் போய் வந்திருக்கிறது. ஒரு தையல் விடவில்லை, ஒரு லேஸ் சுருங்கவில்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். மாசிக்கும் ஆனிக்கும் இடையில் போங்கள். ஐப்பசியிலும் மார்கழியிலும் போகாதீர்கள். துணியையும் லேஸையும் நீங்களே எடுத்துக்கொண்டு போங்கள். தொலைபேசியில் படம் காட்டித் தைக்கச் சொல்லாதீர்கள். இரவலாகவாவது ஒரு சட்டையைக் கையில் கொண்டு போனால் மாஸ்டரின் கை உங்களை ஏமாற்றாது. இப்போது அவர் முதல் நன்மைச் சட்டைகளின் முதுகிலும் அந்த எலாஸ்டிக் வரிசையை வைக்க ஆரம்பித்திருக்கிறார். வளர்கிற பிள்ளைகளின் தாய்மார் மகிழ்ந்து போயிருக்கிறார்கள்.

அக்கா மகள் அடுத்த சட்டைக்குத் துணி கொடுத்துவிட்டாள். இம்முறை கருஞ்சிவப்பு. படத்தில் இரண்டு பெண்களையும் நெருக்கமாக்குவது பூத்தையல்தான்: இச்சிகோவின் கும்பல் அங்கியில் எழுத்துகளைப் பூத்தையல் போட்டுக் கொடுப்பவள் மொமோக்கோ. அதை நினைத்துக்கொண்டு, பாவாடையின் கீழ் ஓரம் முழுவதும் இரண்டு இலையும் ஒரு கொழுந்துமாகத் தொடர்ந்து ஓடும் பூத்தையல் வேண்டும் என்று மாஸ்டரின் மனைவியிடம் கேட்டிருக்கிறாள். அவர் சின்ன வயதில் கொழுந்தெடுத்தவர். காகிதத்தில் வரைந்து காட்டிய இலையைப் பார்த்து, "இது முத்தின இலைடி, இதப் போட்டா கணக்கப்பிள்ள திருப்பி அனுப்பிடுவாரு" என்று சொல்லி, தானே வேறு வரைந்தார். கூலி எவ்வளவு என்று நான் கேட்டேன். "மொத இலைய முடிச்சுப் பாத்துட்டுச் சொல்றேன், டீச்சர்" என்றார்.